லடாக் போகலாம் தம்பி, கார்டு முடியும் தேதியை மட்டும் முதலில் பாருங்கள்

கேள்வி: நான் கோவில்பட்டிக்காரன். ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தில் எம்.எஸ். படிக்கிறேன். வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, இன்னும் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. ஆகஸ்ட் 9 கடைசிப் பரீட்சை. 14-ஆம் தேதி விமானம். ஊரில் இருக்கும் 41 நாளுக்கும் திட்டம் போட்டுவிட்டேன். மேகமலையில் மூன்று நாள் கேம்ப், செப்டம்பர் 12 முதல் 22 வரை நண்பர்களோடு லடாக் பைக் பயணம். 25-ஆம் தேதி சென்னையில் கிளம்பி இஸ்தான்புல்லில் மூன்று நாள், 28-இல் ஜெர்மனி. என் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு செப்டம்பர் 20-இல் முடிகிறது. நீட்டிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, "கிடைத்தது" என்று மெயிலும் வந்துவிட்டது. அது போதும் என்கிறான் நண்பன். செப்டம்பர் 30-க்குள் ஒரு செமினார் பேப்பரும் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் அம்மா, "ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற, ஊர் சுத்தத்தான் வர்றியா?" என்று போனில் அழுகிறார். நான் ஆசைப்படுவது தப்பா அக்கா?

பதில்: அன்புள்ள தம்பி,

தப்பே இல்லை. இரண்டு வருடம் லேப், பார்ட் டைம் வேலை, நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம் என்று இருந்துவிட்டு வருகிறீர்கள். இருபத்து நாலு வயதில் மலை ஏறாமல் எப்போது ஏறுவது? ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசகராக இத்தனை வருடம் வேலை பார்த்ததில் நான் கண்டது, விடுமுறையில் ஊர் சுற்றியதால் யாருக்கும் படிப்பு கெட்டதில்லை. கெட்டதெல்லாம் வரிசை தப்பியதால்தான். உங்கள் திட்டத்திலும் வரிசைதான் கோளாறு. மலையைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், கார்டு விஷயத்தை நண்பன் வாக்கில் விட்டிருக்கிறீர்கள். இரண்டையும் மாற்றிவிட்டால் லடாக்கும் நடக்கும், அம்மாவும் அழமாட்டார்.

முதலில் கார்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வருடா வருடம் செப்டம்பர் கடைசியில் இந்தியாவிலிருந்து எனக்கு வரும் பதற்றமான போன்கள் எல்லாம் இது பற்றியவைதான்.

கார்டு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தது சரி. அப்படி விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை உங்கள் பழைய அனுமதி தொடர்வதாகவே ஜெர்மன் சட்டம் கருதும். ஆனால் அது சட்டத்தில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. சென்னை விமான நிலையத்தில் கவுண்டரில் இருப்பவர் உங்கள் கார்டைத் திருப்பித் தேதியைப் பார்ப்பார். செப்டம்பர் 20 முடிந்திருந்தால், "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்ற மெயிலைக் காட்டி அவரிடம் வாதாட முடியாது. அது தானாக வரும் ஒப்புகை, அவ்வளவுதான். ஏற்றமாட்டார்கள்.

உங்களுக்கு வேண்டியது ஃபிக்ஷன் பேப்பர் என்று மாணவர்கள் சொல்கிறார்களே, அது. முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்கிறது என்று எழுத்தில் தரும் சான்று. ஜெர்மனில் நீளமான பெயர், ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங். கட்டணம் 13 யூரோ. வெளிநாட்டினர் அலுவலகம்தான் தரும். அது கைக்கு வந்ததும் உறையில் போட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், அதில் எதற்கு நேரே குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். வசிப்புச் சட்டம் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு என்று இருந்தால் பழைய கார்டு, பாஸ்போர்ட்டோடு அதையும் காட்டி ஜெர்மனிக்குள் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவில் குறி இருந்தால் அது ஜெர்மனிக்குள் இருப்பதற்கு மட்டும்தான், வெளியே போய்விட்டு அதை வைத்துத் திரும்ப முடியாது. உங்களைப் போல ஏற்கெனவே கார்டு வைத்திருந்து நீட்டிப்புக் கேட்பவர்களுக்கு 4 தான் வர வேண்டும். ஆனாலும் பாருங்கள். அங்கே வேலை பார்ப்பவரும் மனிதர்தான், கட்டம் மாறிப்போகலாம்.

நீங்கள் எழுதியது ஜூலை முதல் வாரம். கிளம்ப ஆறு வாரம் இருக்கிறது. இன்றைக்கே அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள், ஜெர்மனில். தலைப்பிலேயே உங்கள் முழுப் பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், பயணத் தேதி. விமான டிக்கெட்டை இணைத்துவிடுங்கள். நாலு வரி போதும்: இந்தத் தேதியில் போகிறேன், இந்தத் தேதியில் வருகிறேன், கார்டு இந்தத் தேதியோடு முடிகிறது, ஃபிக்ஷன் பேப்பர் வேண்டும். ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். வெளிநாட்டினர் அலுவலகத்தோடு நேரடித் தொடர்பு உள்ளவர் அங்கே ஒருவர் இருக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள், எங்களுக்கு அதுதான் வேலை.

சரி, ஆகஸ்ட் 13 வரை பேப்பர் வரவில்லை என்றால்? பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். திரும்பும் டிக்கெட்டை செப்டம்பர் 16 அல்லது 17-க்கு மாற்றிக்கொண்டு போங்கள். கார்டு செல்லும் நாளிலேயே ஜெர்மனிக்குள் வந்துவிடுவீர்கள். டிக்கெட் மாற்றும் காசு வலிக்கும், தெரியும். ஆனால் கார்டு முடிந்து ஊரில் மாட்டிக்கொண்டால் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம் வழியாக மறுபடி முதலிலிருந்து விசா. அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கிவிடும்.

இஸ்தான்புல்லை இந்த வருடம் விட்டுவிடுங்கள். ஷெங்கன் நாட்டு ரெசிடென்ஸ் பெர்மிட் வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் துருக்கி இ-விசா கிடைக்கும் என்பதை நம்பித்தான் திட்டம் போட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை செல்லுபடியாகும் பெர்மிட்டுக்கு. 20-ஆம் தேதி முடிந்துபோன கார்டையும் ஒரு தாளையும் வைத்துக்கொண்டு மூன்றாவது நாட்டில் இறங்கும் வேலை வேண்டாம். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது, அதில் வாருங்கள். புதுக் கார்டு கைக்கு வந்தபின் ஒரு நீண்ட வார இறுதியில் ஜெர்மனியிலிருந்தே இஸ்தான்புல் போய்வரலாம்.

இன்னொன்று, பணம். நீட்டிப்புக்கு அழைக்கும்போது உங்களிடம் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிளாக்டு அக்கவுண்ட், அதாவது முன்கூட்டியே பணத்தைப் போட்டு மாதா மாதம் அளவாக மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு, அதன் தொகை தெரியுமே, மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904. லடாக்குக்கு அந்தப் பணத்தில் கை வைத்துவிட்டு வந்து அக்டோபரில் யாரிடம் கடன் கேட்பது என்று தவித்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். பார்ட் டைமில் சேர்த்த பணத்தில் எவ்வளவு போகுமோ அவ்வளவு தூரம் போங்கள். குளிர்கால செமஸ்டர் கட்டணத்தைக் கட்டிவிட்டீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் பெயரையே நீக்கிவிட முடியும், அப்புறம் கார்டு நீட்டிப்பும் நின்றுபோகும்.

இப்போது வரிசை. ஆகஸ்ட் 15 ஊருக்கு வந்து சேர்கிறீர்கள். 27 வரை வீட்டில் இருங்கள். செமினார் பேப்பரை அந்த நாட்களிலேயே முடித்து அனுப்பிவிடுங்கள். காலையில் சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நாளில் முடிந்துவிடும். டெண்டுக்குள் லேப்டாப்பை வைத்து எழுதி முடித்த பையனை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 7 வரை லடாக். அதன்பின் திரும்பும்வரை வீடு.

செப்டம்பர் நடுவில் லடாக் வானம் இன்னும் தெளிவாக இருக்கும், அதனால்தான் உங்கள் நண்பர்கள் அந்தத் தேதியைப் பிடித்திருப்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் என் வரிசையில் ஒரு லாபம் இருக்கிறது. ஃபிக்ஷன் பேப்பர் வந்தாலும் வராவிட்டாலும், 25-ஆம் தேதி கிளம்பினாலும் 17-ஆம் தேதி கிளம்பினாலும், லடாக் கைவிட்டுப் போகாது. உங்கள் வரிசையில் பேப்பர் வராவிட்டால் முதலில் அடிபடுவதே லடாக்தான்.

கடைசி வாரத்தில் மலைப் பயணம் வைப்பதை நான் இவ்வளவு பயந்து பேசக் காரணம் உண்டு. மாணவியாக இருந்தபோது முதல் முறை ஊருக்குப் போய்விட்டு, திரும்புவதற்கு மூன்று நாள் முன்பு தோழிகளோடு கொடைக்கானல் போனேன். இறங்கும் அன்று மழையில் பாதையில் மண் சரிந்துவிட்டது. வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு லாரி டிரைவர் தார்ப்பாயை விரித்து எங்களை உட்காரவைத்தார், யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள், ஐந்து மணி நேரம் அந்த ஈர மண் வாசனைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வத்தலக்குண்டு வந்து, மதுரை வந்து, பஸ் பிடித்துச் சென்னை சேர்ந்தபோது என் விமானம் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அப்பா புது டிக்கெட்டுக்கு வங்கியில் நகை வைத்தார். அந்தப் பணத்தை நான் திருப்பித் தர ஒன்றரை வருடம் ஆனது. அதனால்தான் சொல்கிறேன், விமானத்துக்கு முந்தைய ஒரு வாரத்தில் மலை வேண்டாம்.

லடாக்கின் முக்கிய ஊரான லே விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், வானிலை கெட்டால் ரத்தாகும். மணாலி வழியாகச் சாலையில் போவது பைக்காரர்களுக்குக் கனவு, ஆனால் ஆகஸ்ட் கடைசியில் இமாசலப் பக்கம் இன்னும் மழைக்காலம், சாலை அடைபட்டால் நாள் கணக்கில் நிற்க வேண்டிவரும். டெல்லியிலிருந்து விமானத்தில் லே போய், அங்கேயே பைக் வாடகைக்கு எடுங்கள். எப்படியும் மணாலியிலோ ஸ்ரீநகரிலோ எடுத்த வாடகை பைக்கை லடாக்குக்குள் ஓட்டிச் சுற்ற அங்குள்ள வாடகை பைக் சங்கத்தினர் விடமாட்டார்கள். உங்கள் இந்திய டிரைவிங் லைசென்ஸ் இன்னும் செல்லுமா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். இரண்டு வருடமாக அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

கோவில்பட்டி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் அளவில் இருக்கிறது. லே 3,500 மீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடுவீர்கள், உடம்பு அவ்வளவு வேகமாக வந்து சேராது. முதல் இரண்டு நாள் லேயில் சும்மா இருங்கள். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். பதினொரு நாள் திட்டத்தில் இந்த இரண்டு நாளை வீண் என்று நினைத்து மூன்றாம் மணி நேரத்திலேயே பைக்கை எடுப்பவர்கள்தான் மறுநாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருக்கிறார்கள். கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல், பாங்காங் ஏரி 4,200-க்கு மேல். தலைவலி, வாந்தி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது என்று வந்தால் மேலே ஏறக்கூடாது, இறங்கிவிட வேண்டும். நான் டாக்டர் இல்லை. மாத்திரை முன்கூட்டியே எடுக்கலாமா என்று கோவில்பட்டியிலேயே உங்கள் குடும்ப டாக்டரைக் கேளுங்கள்.

வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. ஊருக்கு வந்ததும் எல்லோரும் வாங்கும் ப்ரீபெய்டைத்தான் நீங்களும் வாங்குவீர்கள், அதை வைத்துக்கொண்டு லேயில் இறங்கினால் போன் ஊமைதான். நண்பர்களில் போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர் நம்பரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இதை மறந்துபோய்ப் பதினொரு நாள் போன் எடுக்கவில்லை என்றால் அம்மா என்ன நினைப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டும் லடாக்குக்கு வரக்கூடாது, வீட்டு பீரோவில் இருக்கட்டும். உள்நாட்டு விமானத்துக்கும் லாட்ஜுக்கும் ஆதார் போதும். கார்டு இந்தியாவில் தொலைந்தால் போலீஸ் புகார், துணைத் தூதரகம், திரும்புவதற்கென்று ஒரு விசா என்று அது ஒரு தனிக் கதை. கார்டின் இருபக்கமும், பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும், ஃபிக்ஷன் பேப்பரும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. மாதா மாதம் ஜெர்மனியில் கட்டுகிறீர்களே, அந்த அரசு மருத்துவக் காப்பீடு இந்தியாவில் செல்லாது. தனியாகப் பயணக் காப்பீடு வாங்குங்கள். சொந்த நாட்டைச் சேர்க்காத பாலிசிகள் உண்டு, வாங்குமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மேகமலை பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எங்கே கேம்ப், யார் அனுமதி என்று இல்லை. "தெரிந்தவர் எஸ்டேட்டில்" என்றால் தயவுசெய்து வேண்டாம். 2018 மார்ச்சில் அதே தேனி மாவட்டத்தில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் போன பாதைக்கு வனத்துறையின் முறையான அனுமதி இல்லை. ஆகஸ்டில் தீ பயம் இல்லை, ஆனால் மழையும் மண்சரிவும் யானையும் உண்டு. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கி 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்திருக்கிறது. கூடவே பழக்கப்பட்ட உள்ளூர் வழிகாட்டி வருவார். நீங்கள் வரும் சமயம் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்து, ஒரே நாளில் போய்த் திரும்பும் ஒன்றை எடுங்கள். அது உங்களுக்குப் போதும், லடாக் வேறு இருக்கிறது.

அம்மாவிடம் வருகிறேன். ஊர் சுற்றத்தான் வருகிறாயா என்று அவர் கேட்பதைத் தடை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடமிருந்து அவருக்கு இதுவரை வந்த செய்தி எல்லாம் எங்கெங்கே போகிறேன் என்பதுதான். வீட்டில் எத்தனை நாள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. அவர் கேட்பது அந்த நாள் கணக்கை. இந்த வரிசைப்படி ஆகஸ்டில் 13 நாள், லடாக்குக்குப் பின் 8-இலிருந்து 24 வரை 17 நாள். மொத்தம் முப்பது. முன்கூட்டியே திரும்ப வேண்டி வந்தால் இதில் ஒரு வாரத்துக்கு மேல் குறையும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்றைக்கு போன் செய்து காலண்டரை எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொரு தேதியாகச் சொல்லுங்கள், அவரே பேனாவால் வட்டம் போடட்டும். என் அம்மா அப்படித்தான் போட்டார். நான் போகும் நாளுக்குச் சிவப்பு மையில் வட்டம், மற்றதெல்லாம் நீலம். அடுத்த வருடக் காலண்டர் வந்த பிறகும் அந்தத் தாளைக் கிழிக்காமல் அடுப்படிச் சுவரில் வைத்திருந்தார்.

அப்புறம், சாகசம் எல்லாம் நண்பர்களோடு மட்டும் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? நீங்கள் வரும்போது குற்றாலத்தில் சாரல் முடிந்திருக்காது. கோவில்பட்டியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அம்மாவையும் பாட்டியையும் ஒரு வார நாளில் கூட்டிக்கொண்டு போங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வேண்டாம். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் அவர்கள் குளித்துவிட்டு வரும்வரை துண்டையும் மாற்றுத் துணியையும் வைத்துக்கொண்டு நீங்கள் காத்திருங்கள். திரும்பும்போதும் தனியாகக் கிளம்பாதீர்கள். இரண்டு நாள் முன்னதாக முத்துநகர் எக்ஸ்பிரஸில் அம்மாவையும் சென்னைக்குக் கூட்டி வாருங்கள். ரயில் தாமதமானாலும் விமானத்துக்குப் பயமில்லை, அம்மாவுக்கும் மெரினாவில் ஒரு சாயங்காலம் கிடைக்கும்.

கடைசியாகப் பெட்டி. அம்மா இப்போதே பட்டியல் போட்டிருப்பார், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெய், பால்கோவா, தயிர் மிளகாய் வேண்டாம். பாலில் செய்தது, இறைச்சி எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலைக் கட்டும் மாம்பழமும் அப்படித்தான், தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் விடமாட்டார்கள். சுங்கத்தில் பெட்டியைத் திறந்து, அம்மா உருக்கிக் கொடுத்த நெய்ப் பாட்டிலைத் தொட்டியில் போடும்போது நிற்பது கொடுமை, நான் நின்றிருக்கிறேன். பருப்புப்பொடி, சாம்பார்பொடி, அப்பளம், வடகம் எல்லாம் வரட்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எத்தனை பாக்கெட் வேண்டுமானாலும் வையுங்கள். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று லேபில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள், ஜெர்மன்காரர்களுக்கும் அது பிடிக்கும்.

ஃபிக்ஷன் பேப்பர் கைக்கு வந்ததும் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா